பருவமும் புனலும்: தமிழர் நீராட்டு மரபில் ஆற்றுநீரின் வெப்பமும் வேகமும்

ஆய்வுச்சுருக்கம்

குளிர்நாடுகளில் ஆற்றில் இறங்கத் தகுந்த காலத்தை நீரின் வெப்பநிலையே பெரிதும் தீர்மானிக்கிறது. தமிழகச் சமவெளி ஆறுகளில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் குறுகிய எல்லைக்குள் மாறுவதால், அங்கு அதனைத் தீர்மானிப்பவை நீரின் வேகம், ஆழம், தெளிவு ஆகியவையே. ஆடிப்பெருக்கு, ஐப்பசித் துலா நீராடல், மார்கழி, தை நீராடல்கள் என்னும் மரபு நாட்களை ஆற்றின் பருவநிலையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு நாளும் வேறுபட்ட நீர்நிலையைச் சுட்டுவது புலனாகிறது. சங்க இலக்கியம் புனலாட்டின் இன்பத்தோடு அதன் இடரையும் அதற்கான காப்பையும் பதிவு செய்துள்ளது. அணைகள் எழுந்தபின் நாட்காட்டியும் ஆறும் பிரிந்துவிட்டன. இப்பிரிவு நீராடுவோரின் உயிர்க்காப்போடு தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புனலாட்டு, நீர்வெப்பநிலை, காவிரி, வையை, ஆடிப்பெருக்கு, தைந்நீராடல், பரிபாடல், நீரில் மூழ்கல்

முன்னுரை

ஆற்றிலும் குளத்திலும் ஆடி மகிழ்தலைத் தலைவன் தலைவியர்க்கு உரிய ஒழுக்கங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியக் கற்பியல் குறிப்பிடுகிறது. பரிபாடலின் எழுபது பாடல்களுள் இருபத்தாறு வையைக்கு உரியவை எனப் பழைய வெண்பா ஒன்றால் அறியப்படுகிறது. அவற்றுள் முழுமையாக இன்று கிடைப்பவை எட்டு. ஓர் ஆற்றில் நீராடுதலையே பொருளாகக் கொண்டு இத்தனை பாடல்கள் எழுந்தமை, அவ்வொழுக்கம் பண்டைய நகர வாழ்வில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும்.

இப்பாடல்கள் அகப்பொருள் நோக்கிலும் சமூக வரலாற்று நோக்கிலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மக்கள் இறங்கிய நீர் எத்தகையது, அது எந்தப் பருவத்தில் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எவ்வளவு விரைந்து ஓடியது, அதில் இறங்குவது எப்போது இடரானது என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானவை போலத் தோன்றலாம். ஆயினும் நீராட்டு நாட்கள் பருவத்தோடு பிணைக்கப்பட்டவை. எனவே பருவந்தோறும் ஆறு அடையும் மாற்றத்தை அறியாமல் அந்நாட்களின் பொருளை முழுமையாக உணர்தல் இயலாது. இக்கட்டுரை முதலில் நீரின் வெப்பநிலைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறது. அடுத்துக் காவிரி, வையை ஆறுகளின் பருவநிலையை நீராட்டு மரபோடு ஒப்பிடுகிறது. இறுதியில் அணைகளுக்குப் பிந்தைய நிலையை ஆராய்கிறது.

நீரின் வெப்பமும் உடலும்

25 பாகை செல்சியசு வெப்பமுள்ள காற்று உடலுக்கு இதமானது. அதே வெப்பமுள்ள நீர் குளிர்ச்சியாகத் தோன்றும். நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றினதைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதி என்பதே இதற்குக் காரணம். நீரின் தன்வெப்பமும் உயர்ந்தது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் தேவை. ஆகவே நீரில் அசையாதிருக்கும் உடல் வெப்பத்தை இழக்காமலிருக்க வேண்டுமானால் நீரின் வெப்பநிலை 33 முதல் 35 பாகை வரை இருத்தல் வேண்டும். நீந்தும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குவதால் அதனினும் குறைந்த வெப்பநிலையே நீந்துவோர்க்கு ஏற்றதாகிறது. திறந்தவெளி நீச்சற் போட்டிகளுக்கான பன்னாட்டு விதிகள் நீரின் வெப்பநிலைக்குக் கீழெல்லையாக 16 பாகையையும் மேலெல்லையாக 31 பாகையையும் வகுத்துள்ளன. மிகக் குளிர்ந்த நீரைப் போலவே மிக வெதுவெதுப்பான நீரும் நெடுநேரம் நீந்துவோர்க்குத் தீங்கானது என்பதை இம்மேலெல்லை உணர்த்துகிறது. அந்நீரில் உடல் தான் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தளரும்.

நீர் 15 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால், அதில் திடீரென விழுபவர் குளிரதிர்ச்சிக்கு ஆளாகிறார். தம்மை அறியாமல் மூச்சை உள்ளிழுத்தல், மூச்சு விரைதல், இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் உயர்தல் ஆகியன முதல் ஓரிரு நிமிடங்களில் நிகழும். அந்நேரத்தில் முகம் நீருள் இருந்தால் நன்கு நீந்தத் தெரிந்தவரும் மூழ்க நேரிடும். அடுத்த சில நிமிடங்களில் கைகால்களின் தசைகள் குளிர்ந்து வலுவிழக்கின்றன. உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவிற்குக் குறைய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். குளிர்நாடுகளில் நீரில் இறப்போர் பலர் உள்வெப்பம் குறைவதற்கு முன்பே, இம்முதல் நிலைகளில் உயிரிழக்கின்றனர்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பாயும் ஆரே ஆறு இதற்குத் தக்க சான்று. ஆல்ப்ஸ் மலையின் பனியுருகல் நீரைக் கொண்டுவரும் அவ்வாறு குளிர்காலத்தில் 5 பாகையை ஒட்டியும் கோடை உச்சத்தில் 20 பாகையை ஒட்டியும் இருக்கும். நகர மக்கள் கோடையில் திரளாக அதில் இறங்கி நீரோட்டத்தோடு மிதந்து செல்கின்றனர். அவ்வூரார் கோடைநாளில் முதலில் கேட்டறிவது ஆற்றின் அன்றைய வெப்பநிலையையே. அங்கு நீராட்டுப் பருவத்தை வகுப்பது வெப்பமானியாகும்.

தமிழகச் சமவெளி ஆறுகளின் வெப்பநிலை

தமிழகச் சமவெளியில் பாயும் ஆறுகளின் நிலை இதற்கு மாறானது. நீரின் வெப்பநிலை மார்கழி, தைத் திங்களில் 24, 25 பாகையை ஒட்டி அமைந்து, சித்திரை, வைகாசியில் 30 பாகையைக் கடக்கும். ஆண்டு முழுவதும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 10 பாகைக்குள் அடங்கும். குளிரதிர்ச்சியை உண்டாக்கும் 15 பாகை என்னும் எல்லை சமவெளி ஆற்றில் எட்டப்படுவதில்லை. மாறாக, அகன்ற மணற்படுகையில் கணுக்கால் அளவு ஓடும் கோடைநீர் பிற்பகலில் போட்டி விதிகளின் மேலெல்லையாகிய 31 பாகையையும் தாண்டக்கூடும். ஆழங்குறைந்த நீர் விரைவில் சூடேறி விரைவில் குளிரும். எனவே ஆற்றுநீர் பிற்பகலின் இறுதியில் மிகுந்த வெப்பத்தையும் விடியலை ஒட்டிக் குறைந்த வெப்பத்தையும் அடைகிறது.

வெப்பநிலை உயருந்தோறும் நீரில் கரையும் உயிர்வளியின் அளவு குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் அளவே கொள்ளும். கழிவு கலந்த நீரில் இக்குறைவு மேலும் விரைவுபடும். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தவெளிக் குளிப்புக்குரிய நீருக்கு வகுத்துள்ள அளவுகோலில், கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருத்தலும், உயிர்வேதி உயிர்வளித் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தலும் இடம்பெறுகின்றன. கோடையில் தேங்கிய ஆற்றுநீர் இவ்வளவுகோலை நிறைவு செய்வது கடினம்.

ஆகவே தமிழகச் சமவெளியில் வெப்பமானியைக் கொண்டு நீராட்டுப் பருவத்தை வகுக்க முடியாது. ஆண்டின் எந்நாளிலும் நீரின் வெப்பம் உடலுக்குப் பொறுக்கத்தக்கதே. பருவந்தோறும் பெரிதும் மாறுபவை நீரின் வேகம், ஆழம், கலங்கல் ஆகிய மூன்றே. மரபு நீராட்டு நாட்களை இம்மூன்றோடும் ஒப்பிடுதல் தேவையாகிறது.

முதுவேனிலில் வரும் வெள்ளம்

தமிழர் பெரும்பொழுதுப் பகுப்பில் ஆனியும் ஆடியும் முதுவேனில். காவிரியின் கீழ்ப்பகுதியில் அக்காலத்தில் பெருமழை இல்லை. ஆயினும் ஆடியில்தான் காவிரி பெருகுகிறது. குடகுமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே இதற்குக் காரணம். கரையில் வேனிலும் ஆற்றில் வெள்ளமுமாக அமையும் இம்முரண் காவிரியின் சிறப்பியல்பு. தலைக்கு மேல் மேகம் இல்லாத நாளில் வெள்ளம் வந்து சேர்வதால், வானத்தைப் பார்த்து ஆற்றின் நிலையை அறிதல் இயலாது. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள், அதாவது ஆகஸ்டு 2 அல்லது 3, இப்பெருக்கை வரவேற்கும் விழாவாக அமைந்தது.

இந்நீர் செந்நிறமானது. மண்ணும் மணலும் சருகும் மரக்கிளையும் கலந்து வருவதால் அடியில் இருப்பது தெரியாது. அதன் வெப்பம் இதமானது. விசையோ மிகப் பெரிது. ஓடும் நீர் உடலின்மீது செலுத்தும் விசை அதன் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலை 46.40 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்த வீரரின் சராசரி வேகம் நொடிக்கு 2.2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பயிற்சியில்லாதவர் நொடிக்கு ஒரு மீட்டர் நீந்துவதே அரிது. வெள்ளக் காலத்தில் ஆற்றின் நடுவோட்டம் நொடிக்கு 2 மீட்டரைக் கடத்தல் இயல்பு. அதனை எதிர்த்து நீந்தக்கூடியவர் எவரும் இலர். நீரோட்டத்தோடு சென்று சாய்வாகக் கரையை அணைதலே ஆற்றோரத்தார் கையாளும் வழி.

இன்று ஆடிப்பெருக்கு பெரும்பாலும் படித்துறை வழிபாடாக நிகழ்கிறது. காப்பரிசி படைத்தல், முளைப்பாரி விடுதல், மஞ்சள் கயிறு மாற்றுதல், சிறுவர் சப்பரம் இழுத்தல் ஆகியன கரையில் நிகழ்பவை. சங்க காலப் புதுப்புனல் விழாவில் நட்டாற்றில் பாய்ந்து ஆடியமை முதன்மை பெற்றது. நீர்விளையாட்டாக இருந்தது படித்துறைச் சடங்காக ஒடுங்கியதில், பெருக்கின் இடரைக் கண்டறிந்த பட்டறிவுக்கும் பங்கிருந்தது எனக் கருத இடமுண்டு.

கூதிரும் முன்பனியும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். ஐப்பசித் திங்கள் முழுவதும் காவிரியில் நீராடுதல் துலா நீராடல் எனப்படும். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசிக் கடைசி நாளன்று கடைமுகமும் மறுநாள் முடவன் முழுக்கும் நிகழ்கின்றன. அப்போது மேற்கே பருவமழை ஓய்ந்து, மலையிலிருந்து வரும் பெருக்கு தணிந்திருக்கும். கீழ்க்காவிரிப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். ஆற்றில் நீர் உண்டு; ஆடியின் சீற்றம் இல்லை. ஆயினும் உள்ளூர் மழை வயல்களையும் தெருக்களையும் கழுவிக்கொண்டு ஆற்றில் சேர்வதால், இன்றைய நிலையில் ஐப்பசியின் இடர் வேகத்தைவிட மாசு பற்றியதே. எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் மழைக்காலத்தில் பரவுவதற்கு இத்தகைய நீர் காரணமாகிறது.

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். நல்லந்துவனார் பாடிய பரிபாடல் பதினோராம் பாடல் இப்பருவ மாற்றத்தை ஒரே பாடலுள் காட்டுகிறது. பாடலின் தொடக்கம் கோள்நிலையைக் கூறி, மலையில் பெய்த மழையால் வையையில் வெள்ளம் வந்ததை விவரிக்கிறது. பிற்பகுதி முழக்கமுடைய மழைமேகம் நீங்கி உடல் நடுங்கும் பனிக்காலம் வந்ததைக் கூறி, மார்கழித் திருவாதிரையை ஒட்டிய அம்பா ஆடலையும் தைந்நீராடலையும் சொல்கிறது. வெள்ளத்திற்கும் இளமகளிர் நீராட்டுக்கும் இடையே பருவம் ஒன்று கடந்திருக்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. மகளிரும் சிறுமியரும் நோன்பு கருதி நீராடிய காலம், ஆறு தணிந்து தெளிந்து, அடிமணல் தெரியும் காலமாகும். ஆண்டாளின் திருப்பாவை போற்றும் மார்கழி நீராடலும் இப்பருவத்ததே.

விடியற்காலையில், அதுவும் ஆண்டின் குளிர்ந்த திங்களில் நீராடுதல் உடலை வருத்தும் நோன்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. நீரின் இயல்பை நோக்கினால் இதன் மற்றொரு பக்கம் புலப்படும். நீர் காற்றைவிட மெதுவாகக் குளிர்வதால், மார்கழி விடியலில் ஆற்றுநீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். நீரின்மேல் ஆவி தவழ்வது இதனாலேயே. நடுக்கம் மிகுவது நீருள் இருக்கும்போதன்று, வெளியே வந்தபின்பே. தோலில் ஒட்டிய நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. முன்பனிக்கால நீர் வேகத்தாலும் தெளிவாலும் ஏற்றது, வெப்பத்தாலும் தீங்கற்றது. மரபு நாட்களுள் நீந்துவதற்கு மிகப் பொருத்தமானது இதுவே எனலாம்.

பின்பனியும் இளவேனிலும்

மாசி முதல் வைகாசி வரை ஆறு சுருங்குகிறது. ஓடும் நீர் நின்று, மடுக்களிலும் கயங்களிலும் தேங்கிய நீரே எஞ்சும். மேலே வெதுவெதுப்பாகவும் ஆழத்தில் குளிர்ச்சியாகவும் மடுநீர் அடுக்கமைந்து கிடக்கும். மேற்பரப்பு அசைவற்றிருப்பதால் ஆழம் தெரிவதில்லை. மணற்கரையிலிருந்து ஓரிரு அடி எடுத்து வைத்ததும் தரை சரிந்து ஆளுயரத்தைக் கடந்த ஆழத்தில் முடிதல் உண்டு. பள்ளி விடுமுறையும் இக்காலத்தில் வருவதால் நீந்தத் தெரியாத சிறுவர் இம்மடுக்களில் இறங்குகின்றனர்.

தேங்கிய வெதுநீரில் நுண்ணுயிர் பெருகும். மூக்கின் வழியாக மூளையை அடைந்து உயிரைப் பறிக்கும் நைக்ளீரியா ஃபௌலெரி என்னும் அமீபா வெப்பமிக்க நன்னீரில் வாழ்வது. அமீபா மூளைக்காய்ச்சல் 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பலரைத் தாக்கியது. இந்நோய் அரிதானது, ஆயினும் தேங்கிய வெதுநீரில் தலைமுழுகுதல் தவிர்க்கத்தக்கது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழர் நீராட்டு நாட்காட்டியில் ஆற்று நீராடலுக்குரிய பெருநாட்கள் ஆடி முதல் தை வரை செறிந்திருக்கின்றன. இளவேனிலில் அவை குறைவு. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வையையில் இறங்குதல் இதற்கு விதிவிலக்கு. அந்நாளுக்கென வைகை அணையிலிருந்து நீர் திறக்கப்படுதல், அப்பருவத்தில் ஆற்றுக்கு இயல்பாக நீர் வருவதில்லை என்பதை உறுதிப்படுத்துகிறது.

இலக்கியம் காட்டும் இடரும் காப்பும்

புனலாட்டைக் கொண்டாடிய சங்க இலக்கியமே அதன் இடரையும் மறவாது பதிவு செய்தது. ஆட்டனத்தி காவிரியில் மூழ்கிய நிகழ்ச்சியை அகநானூற்றில் பரணர் பலமுறை பாடியுள்ளார். கழாஅர் முன்துறையில், கரிகாலன் கண்டிருக்க நிகழ்ந்த புனல்விழாவில் ஆடற்கலை வல்ல அத்தியைக் காவிரி கவர்ந்து சென்றது. அவன் மனைவி ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்தாள். சிலப்பதிகார வஞ்சினமாலை, கடல் அவனைக் கொணர்ந்து காட்ட அவள் மீட்டாள் எனக் கூறுகிறது. இந்நிகழ்ச்சியின் வரலாற்றுத்தன்மை ஒருபுறமிருக்க, உடல்வலியும் நீராடும் பயிற்சியும் உடையவன் கூடத் தப்ப முடியாத நீரோட்டம் புதுப்புனலுக்கு உண்டு என்னும் அறிவு இதில் அடங்கியுள்ளது. மன்னனும் மக்களும் கூடியிருந்த இடத்திலேயே அது நிகழ்ந்தது என்பது மற்றொரு செய்தி. கூட்டம் இருப்பதனால் மட்டும் நீராடுவோர்க்குக் காப்பு அமைந்துவிடுவதில்லை.

புனல்தரு புணர்ச்சி என்னும் அகமரபும் இவ்வகையில் நோக்கத்தக்கது. வெள்ளத்தில் இழுக்கப்பட்ட தலைவியைத் தலைவன் பாய்ந்து மீட்டான் என்று தோழி அறத்தொடு நிற்கும் மரபு அது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் கபிலர் இதனை அமைத்துள்ளார். கேட்போர் ஐயமின்றி ஏற்கத்தக்க காரணமாக இருந்தாலன்றி இத்தகைய நிகழ்ச்சி இலக்கிய மரபாக நிலைபெற்றிராது. யானையிடமிருந்து காத்தலாகிய களிறுதரு புணர்ச்சியோடு இது இணைத்து எண்ணப்பட்டமை, ஆற்று வெள்ளம் களிற்றுக்கு நிகரான அச்சமாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது.

இடரை அறிந்தோர் காப்பையும் அறிந்திருந்தனர். புனலாடுவோர் வேழக்கோலால் கட்டிய புணையைத் தழுவி ஆடியதாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. உள்ளே காற்றறைகள் கொண்ட கோரையும் நாணலும் மிதக்கும் இயல்பின. இன்றைய மிதவைச் சட்டையின் பணியை அப்புணை செய்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி நீச்சல் பழக்கும் ஊர்வழக்கு அதன் தொடர்ச்சி.

சொற்களும் இவ்வறிவைக் காக்கின்றன. நீரில் கால் ஊன்றி நிற்கத்தக்க ஆழம் ‘நிலை’. நிலைகொள்ளாது நீந்தவேண்டிய ஆழம் ‘நீத்து’. இறங்கத்தக்கதென ஆய்ந்து தேர்ந்த இடம் ‘துறை’. துறையல்லாத இடத்தில் இறங்குதல் தகாது என்னும் எச்சரிக்கை அச்சொல்லின் வழக்கிலேயே அமைந்துள்ளது. மடு, கயம், சுழி என்பன தவிர்க்கத்தக்க இடங்களை வகைப்படுத்துகின்றன. ஆற்றின் வெப்பத்தைக் குறிக்கும் சொற்களைவிட அதன் ஆழத்தையும் ஓட்டத்தையும் குறிக்கும் சொற்கள் தமிழில் நுட்பமாக வளர்ந்துள்ளன. இம்மண்ணில் நீராடுவோர் எதனை அறிய வேண்டியிருந்தது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

அணைக்குப் பிந்தைய ஆறு

மேட்டூரில் 1934இல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் செயற்பாட்டுக்கு வந்தபின் காவிரியின் ஓட்டம் கதவுகளின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. பாசனத்திற்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுதல் வழக்கம். அதாவது ஆற்றின் ஆண்டு ஏறத்தாழ வைகாசி இறுதியில் தொடங்கித் தை நடுவில் முடிகிறது. நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும்.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் இதன் விளைவு தெளிவாகும். 2017இல் பாசனத்திற்கு அணை அக்டோபர் 2ஆம் நாளே திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆடிப்பெருக்கு நாளில் கீழ்க்காவிரியில் பாசனத்திற்குத் திறந்த ஓட்டம் இல்லை. இத்தகைய வறண்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு மக்கள் நீராட ஏற்பாடு செய்ய நேர்ந்துள்ளது. 2024இல் ஜூலை 30 அன்று அணை 120 அடியை எட்டியது. ஆகஸ்டு 3இல் ஆடிப்பெருக்கு வந்தபோது நொடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கு மேல், அதாவது 28 இலட்சம் லிட்டருக்கு மேல், நீர் வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தது. நாட்காட்டியில் இரண்டும் ஒரே விழா. ஆற்றில் இரண்டும் முற்றிலும் வேறான நாட்கள்.

கட்டுப்பாடற்ற ஆற்றில் பெருக்கு வருமுன் நிறமாற்றமும் நுரையும் சருகும் முன்னறிவிப்பாக அமைந்தன. நீர்மட்டம் உயர நேரமும் இருந்தது. மதகு திறக்கப்படும்போது அணைக்கு அண்மையில் உள்ள பகுதிகளில் நீர் குறைந்த நேரத்தில் உயர்கிறது. காலையில் முழங்காலளவு நீரோடிய இடம் நண்பகலில் நிலைகொள்ளா ஆழமாகலாம். மணல் அள்ளிய குழிகள் இவ்விடரைப் பெருக்குகின்றன. இயற்கையான மணற்படுகை மெல்லச் சரிவது. குழியின் விளிம்பு செங்குத்தானது. நீர் நிறைந்தபின் இரண்டும் மேலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். தலைமுறையாக ஆற்றை அறிந்த முதியவர்க்கும் புதிய குழியின் இடம் தெரியாது. துறை பற்றிய பழைய அறிவு இவ்வாறு பயனிழக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்புகள் காட்டுகின்றன. நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த ஜூலை 25, ஆடித் திங்களுள் அடங்குகிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, தமிழகச் சமவெளி ஆறுகளில் நீரின் வெப்பநிலை நீராட்டுப் பருவத்தை வகுக்கவில்லை. வேகமும் ஆழமும் தெளிவுமே வகுத்தன. இரண்டாவது, மரபு நீராட்டு நாட்கள் ஒரே தன்மையன அல்ல. ஆடி வெள்ளத்தைக் கரையிலிருந்து வரவேற்கும் நாள். ஐப்பசி தணிந்த நீரில் படித்துறையில் முழுகும் காலம். மார்கழியும் தையும் தெளிந்த நீரில் இறங்கி ஆடும் காலம். இவ்வேறுபாடு இலக்கியத்திலும் வழக்காற்றிலும் காணப்படுகிறது. மூன்றாவது, அணைக்கும் மணற்குழிக்கும் பிந்தைய ஆற்றில் நாளை மட்டும் நோக்கி இறங்குதல் அம்மரபைப் பின்பற்றுதல் ஆகாது. ஆற்றின் அன்றைய நிலையை அறிந்து இறங்கியமையே மரபின் உள்ளீடு.

எனவே விழாநாட்களில் ஒவ்வொரு துறையிலும் அன்றைய நீர் வெளியேற்றத்தின் அளவு, நிலைகொள்ளும் ஆழத்தின் எல்லை, மதகு திறக்கும் நேரம் ஆகியன மக்களுக்குத் தெரியும்வண்ணம் எழுதி வைக்கப்படுதல் வேண்டும். நிலைக்கும் நீத்துக்கும் இடையே கயிறு கட்டி மிதவைகளை அமைத்தல் வேண்டும். பரிபாடலையும் ஆட்டனத்தி செய்தியையும் கற்பிக்கும் வகுப்பறை, புணையையும் துறையையும் பொருள்கூறிக் கடக்கும் சொற்களாகக் கொள்ளாமல் உயிர்காக்கும் அறிவாகவும் விளக்கலாம். கழாஅர் முன்துறையில் நேர்ந்ததைப் பரணர் மீண்டும் மீண்டும் பாடியதன் பயன் அப்போது இன்றைய மாணவரையும் சென்று சேரும்.